நெஞ்சுப் படத்தின் சாட்சியம்: காசநோயில் ஸ்கேன்களை எவ்வளவு நம்பலாம்?

இந்தியாவில் காசநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதை முன்னின்று நடத்தியது சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 15 வயதைக் கடந்தவர்களிடம் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டார்கள். கர்ப்பிணிகள் நீங்கலாக மற்றவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். இரண்டில் எதில் சந்தேகம் எழுந்தாலும் சளியைச் சோதித்தார்கள். இப்படிக் கிருமி உறுதியான நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் எக்ஸ்ரேயால் மட்டுமே பிடிபட்டவர்கள். கேள்வியோடு நிறுத்தியிருந்தால் அவர்கள் அத்தனை பேரும் தமக்கு நோயில்லை என்ற நம்பிக்கையோடு வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் குழந்தைகளோடு ஒரே அறையில் தூங்கியிருப்பார்கள்.

இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால், ஊர் ஊராக எக்ஸ்ரே எடுத்துவிட்டால் காசநோய் ஒழிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் இதே நாடு முப்பது, நாற்பது ஆண்டுகள் எக்ஸ்ரேயைப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தது. அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அவை இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்தேகத்துக்குரியவர்களைத் தேடிப் பிடிக்கப் படம் போல வேறொன்றில்லை, ஆனால் நோய்க்குப் பெயர் வைக்கும் உரிமை, கிடைக்கிற இடத்திலெல்லாம், கிருமிச் சோதனைக்கே இருக்க வேண்டும். இந்த வரிசை குலைந்தபோதெல்லாம் நஷ்டப்பட்டவர் நோயாளிதான்.

ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது 1882இல். வில்லெம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895இல். பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் மருத்துவத்துக்கு இரண்டு வேறுபட்ட சாட்சிகள் கிடைத்தன. நுண்ணோக்கி காட்டுவது கிருமியை. எக்ஸ்ரே காட்டுவதோ கிருமியோடு உடல் நடத்திய போரின் தடத்தை: வீக்கம், திசு அழிந்த குழிவு, நுரையீரல் உறையில் கோத்த நீர், ஆறிய தழும்பு. இந்த வேறுபாட்டை மறந்ததால் வந்த குழப்பங்கள்தான் இந்தத் துறையின் வரலாற்றில் பாதி.

பெரியவர்களுக்கு வரும் வழக்கமான நுரையீரல் காசநோய் மேல்மடலின் உச்சிப் பகுதியை விரும்பித் தங்கும். அங்கே ஆக்சிஜன் அதிகம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். திட்டுத் திட்டாக நிழல் படரும். அதன் நடுவே குழிவு விழும். குழிவு இருந்தால் சளியில் கிருமி ஏராளமாக இருக்கும், அவர் பிறருக்குப் பரப்பும் வாய்ப்பும் கூடும். கிருமி ரத்தத்தில் கலந்து பரவினால் இரு நுரையீரல்களிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் எண்ணற்ற புள்ளிகள் தெரியும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குழிவு விழுவதில்லை. நுரையீரலின் வேர்ப்பகுதியில் நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கும். எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவருக்கோ படம் சுத்தமாகவே இருக்கலாம். குழிவை உண்டாக்குவதில் நம் எதிர்ப்பாற்றலுக்கும் பங்குண்டு. அது ஓய்ந்துபோன உடலில் நோய் தடமே விடாமல் நடமாடும். மிக மோசமான நிலையில் இருப்பவரின் படம்தான் சில நேரம் மிகச் சாதாரணமாகத் தெரியும் என்பதை, எக்ஸ்ரே நன்றாயிருக்கிறது என்று சொல்லி நோயாளியை அனுப்பிவிடும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

மறுபக்கமும் இப்படித்தான். நிமோனியாவும் புற்றுநோயும் பூஞ்சைத் தொற்றும் மேல்மடலில் இதே போன்ற நிழலைப் போடலாம். கல்குவாரியிலும் கல் உடைக்கும் ஆலையிலும் சிலிக்கா தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவரின் நுரையீரல் காசநோய் போலவே தோற்றம் தரும். அந்தத் தூசியே காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுவதால் இரண்டும் ஒரே படத்தில் கலந்தும் கிடக்கலாம்.

படத்தில் இவ்வளவு ஐயம் என்றால், அதைப் படிக்கும் கண்ணின் கதை என்ன? இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. காசநோயைத் தேட எந்த அளவு ஃபிலிம் சிறந்தது என்று கண்டறிவதே நோக்கம். ஒரே ஆட்களை நான்கு முறைகளில் படமெடுத்து, அனுபவமுள்ள ஐந்து மருத்துவர்களிடம் தனித்தனியே படிக்கக் கொடுத்தார்கள். 1947இல் முடிவு வெளியானபோது ஃபிலிம் பற்றிய கேள்வியே பின்னுக்குப் போய்விட்டது. நான்கு முறைகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிடப் படித்தவர்களுக்கு இடையே இருந்த வேறுபாடு பெரியது. ஒரே மருத்துவரிடம் அதே படங்களைச் சில காலம் கழித்து மீண்டும் கொடுத்தால் அவர் தம் முந்தைய தீர்ப்போடும் முரண்பட்டார். புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி இதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார். ஒருவர் நோய் என்று கண்ட படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அவரே இரண்டாம் முறை மாற்றிச் சொல்கிறார் என்பது அந்த ஆய்வுகள் விட்டுச்சென்ற, எந்தக் கதிரியக்க மருத்துவரும் மறக்கக் கூடாத பாடம்.

இதே காலத்தில்தான் உலகம் எக்ஸ்ரே வண்டிகளில் மயங்கியிருந்தது. பிரேசிலின் மானுவேல் டி அப்ரு 1936இல் வடிவமைத்த முறையில், ஒளிரும் திரையில் விழும் நெஞ்சு நிழலைச் சிறிய ஃபிலிமில் புகைப்படமாக எடுத்துவிடலாம். செலவு குறைவு, வேகம் அதிகம். பள்ளிகள், ஆலைகள், கிராமங்கள் என்று வண்டிகள் சுற்றின. இந்தியாவிலும் 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இந்த முறையில்தான் நடந்தது. எக்ஸ்ரேயில் செயல்படும் காசநோய் போலத் தெரிந்தவர்கள் சுமார் 1.5 சதவீதம்; சளியில் கிருமி இருந்தவர்கள் சுமார் 0.4 சதவீதம். நான்கு பேரில் ஒருவருக்குத்தான் கிருமிச் சான்று. மீதி மூவர் யார்? பழைய தழும்பா, தொடக்க நோயா, வேறு நோயா? படத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

கேள்வியின் திசையையே மாற்றியது பெங்களூரில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனம். அங்கே டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில், எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். பெரும்பாலோர் தம் உடல்நிலை கெட்டிருப்பதை உணர்ந்தே இருந்தார்கள். பாதிப்பேர் ஏற்கெனவே ஏதோவொரு மருத்துவமனைக்குப் போய், ஒரு பாட்டில் இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அச்சில் 1963இல்தான் வந்தாலும் அதற்கு முன்பே முடிந்திருந்த இந்த ஆய்வை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. ஊருக்குள் வண்டி ஓட்டுவதைவிட, தானாக வாசலுக்கு வந்து நிற்பவரின் சளியைப் பார்க்க ஒரு நுண்ணோக்கியும் அக்கறையுள்ள ஓர் ஊழியரும் போதும் என்ற முடிவு இதிலிருந்து பிறந்தது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் அதன் மீதுதான் எழுந்தது. 1974இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் எக்ஸ்ரே வண்டிகளைக் கண்மூடித்தனமாக ஓட்டுவதைக் கைவிடச் சொன்னது.

அது சரியான முடிவு. ஆனால் முழுமையான முடிவல்ல. ஒரு மில்லி லிட்டர் சளியில் சில ஆயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் தெரியும். தொடக்க நிலை நோயாளி, சளியே துப்பத் தெரியாத குழந்தை, நுரையீரலுக்கு வெளியே நோய் உள்ளவர் ஆகிய எல்லோரும் இந்தச் சல்லடையில் நழுவினார்கள். எக்ஸ்ரேயில் நோய்போலத் தெரிந்து, சளியில் கிருமி தெரியாதவரை என்ன செய்வது? ஹாங்காங் நெஞ்சு நோய்ச் சேவை, சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மூன்றும் சேர்ந்து 1970களில் ஹாங்காங்கில் இதைச் சோதித்தன. இத்தகையவர்களில் ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து கொடுக்காமல், நோய் முற்றுகிறதா என்று நெருக்கமாகக் கண்காணித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் செயல்படுவது உறுதியாகி, மருந்து தொடங்க வேண்டி வந்தது. நிழலை மட்டும் பார்த்து மருந்து கொடுத்திருந்தால் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தேவையில்லாமல் மாதக்கணக்கில் மருந்து விழுங்கியிருப்பார்கள். நிழலைப் புறக்கணித்திருந்தாலோ மற்றப் பாதிப்பேர் கைவிடப்பட்டிருப்பார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் நேர்மையானதாகத் தோன்றும் ஆய்வு இதுதான். எந்தத் தரப்புக்கும் சுலபமான வெற்றியைக் கொடுக்காதது.

இந்த இக்கட்டை உடைத்தது படத்தில் வந்த முன்னேற்றத்தைவிடச் சளிச் சோதனையில் வந்த முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும். 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையைப் பரிந்துரைத்தது. கோவாவில் உருவான ட்ரூநாட் கருவியும் பின்னால் வந்து சேர்ந்தது. நுண்ணோக்கிக்குப் பிடிபடாத குறைந்த அளவுக் கிருமியின் மரபணுவையும் இவை ஓரிரு மணி நேரத்தில் காட்டின. ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்றும் சொல்லின. நிழலைப் பார்த்து ஐயப்பட்டதும் சரிபார்க்க ஒரு நல்ல வழி பிறந்தபோது எக்ஸ்ரேக்கும் மறுவாழ்வு கிடைத்தது. அதற்குள் ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்திருந்தது.

2021இல் உலக சுகாதார நிறுவனம் திரட்டி வெளியிட்ட கணக்கைப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்ற கேள்வி, நோயுள்ள நூறு பேரில் 42 பேரைத்தான் பிடிக்கிறது. அறிகுறிகளில் எது இருந்தாலும் சரி என்று கேள்வியை விரித்தால் 71 பேர் சிக்குவார்கள். ஆனால் நோயில்லாதவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் வலையில் விழுவார்கள். எக்ஸ்ரேயில் எந்தக் கோளாறு தெரிந்தாலும் கணக்கில் எடுத்தால் 94 பேரைப் பிடிக்கலாம், நோயற்றவர்களில் 11 சதவீதத்தினரே தவறாகச் சிக்குவார்கள். தும்கூரில் உடம்பு சரியில்லை என்று உணர்ந்தவர்களைப் பற்றிப் பேசினோம். இப்போது தெரிவது, உணர்வதற்கு முன்பே நுரையீரலில் நோய் வேலையைத் தொடங்கிவிடும் ஒரு நீண்ட பருவம் உண்டு என்பது. அந்தப் பருவத்துக்குள் எட்டிப் பார்க்கும் மலிவான வழி இன்று எக்ஸ்ரே மட்டும்தான்.

ஆனால் படிக்க ஆள் வேண்டுமே. வட்டார மருத்துவமனைகள் பலவற்றில் கதிரியக்க மருத்துவர் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கணினி நுழைந்திருக்கிறது. நெதர்லாந்தின் கேட்ஃபோர்டிபி, மும்பையில் உருவான க்யூஎக்ஸ்ஆர், தென் கொரியாவின் லூனிட் போன்ற மென்பொருள்கள் படத்தைப் பார்த்துக் காசநோய் இருக்கும் வாய்ப்பை ஒரு மதிப்பெண்ணாகத் தருகின்றன. டாக்காவில் 23,954 பேரின் எக்ஸ்ரேக்களை வைத்து ஐந்து மென்பொருள்களை மூன்று கதிரியக்க மருத்துவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வந்தது. ஐந்துமே மருத்துவர்களை முந்தின. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் பிடித்துக்கொண்டே, ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கவும் அவற்றால் முடிந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மனிதரின் இடத்தில் மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்றது.

இதில் இரண்டு விஷயங்கள் அடிக்கடி சொல்லப்படாமல் போகின்றன. அதே டாக்கா ஆய்வில், வயது 60ஐத் தாண்டியவர்களிடமும் ஏற்கெனவே காசநோய் வந்து குணமானவர்களிடமும் எல்லா மென்பொருள்களும் தடுமாறின. பழைய தழும்பையும் புதிய நோயையும் பிரிப்பது, மனிதக் கண்ணைப் போலவே, இயந்திரத்துக்கும் கடினம். இரண்டாவது, மதிப்பெண்ணில் எங்கே கோடு போடுவது என்பது. கோட்டைத் தாழ்த்தினால் சளிச் சோதனைக் கூடத்தில் நெரிசல். உயர்த்தினால் நோயாளி நழுவுகிறார். ஒரு நகரத்தின் குடிசைப் பகுதிக்குப் பொருந்தும் கோடு ஒரு மலைக் கிராமத்துக்கோ சிறைச்சாலைக்கோ பொருந்தாது. கோட்டை முடிவு செய்ய வேண்டியது அந்தந்த மாவட்டத்தின் நோய் அளவும் சோதனை வசதியும்தான். அந்தப் பொறுப்பை மென்பொருள் நிறுவனத்தின் கையேட்டுக்கு விட்டுவிடக் கூடாது.

கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் வந்ததும் பழைய வண்டிகளின் காலம் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. சில கருவிகள் மூன்றரைக் கிலோதான். 2024 டிசம்பரில் இந்தியா தொடங்கிய 100 நாள் காசநோய்ப் பிரச்சாரத்தில் 347 மாவட்டங்கள் தேர்வு செய்யப்பட்டு, இக்கருவிகள் ஊர்களுக்குள் போயின. இதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் 1950களின் பாடம் இங்கேதான் தேவைப்படுகிறது. எத்தனை பேருக்குப் படம் எடுத்தோம் என்ற எண்ணிக்கை முகாமின் வெற்றியைச் சொல்லாது. சந்தேகப்பட்டவர்களில் எத்தனை பேரின் சளி அதே நாளில் சோதனைக்குப் போனது, எத்தனை பேருக்கு மருந்து தொடங்கியது என்பதுதான் கணக்கு. சில தனியார் கிளினிக்குகளில் ஒரு எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ஆறு மாத மருந்து எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மென்பொருளின் மதிப்பெண் அந்த வழக்கத்துக்கு அறிவியல் முலாம் பூசிவிடக் கூடாது.

நெஞ்சு சி.டி. ஸ்கேன் இதைவிட நுட்பமாகப் பார்க்கும். எக்ஸ்ரேயில் தெரியாத சிறு குழிவு, மார்பின் நடுவே ஓரம் மட்டும் ஒளிர்ந்து உள்ளே அழுகிய நெறிக்கட்டி, நுண்ணிய மூச்சுக்குழல்கள் அடைபட்டு மொட்டு விட்ட சுள்ளிபோல நிற்கும் தோற்றம் ஆகியவை அதில் துலங்கும். ஆனால் அந்தச் சுள்ளித் தோற்றம் காசநோய்க்கே உரியதல்ல. வேறு தொற்றுகளிலும் வரும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு இயற்கையாக நாம் சில நாள்களில் பெறும் அளவுதான், சி.டி.யில் அது பல மாதங்களின் அளவு முதல் ஓரிரண்டு ஆண்டுகளின் அளவு வரை போகும். கிருமி உறுதியான சாதாரண நோயாளிக்கு சி.டி. எடுப்பது பணத்துக்கும் உடலுக்கும் வீண். சளி கிடைக்காதபோது, புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கும்போது, குழல் விட்டு எங்கிருந்து மாதிரி எடுப்பது என்று வழிகாட்டும்போது அதற்கு ஈடில்லை.

முதுகெலும்புக் காசநோயில் எம்.ஆர்.ஐ.யின் இடத்தை வேறெதுவும் நிரப்பாது. எலும்பின் தாதுச் சத்தில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகே எக்ஸ்ரேயில் அழிவு தெரியும். அதற்குள் கால் மரத்துப்போகத் தொடங்கியிருக்கலாம். இரண்டு எலும்புகளுக்கு இடையே தொடங்கும் வீக்கத்தையும் பக்கவாட்டில் சேரும் சீழையும் எம்.ஆர்.ஐ. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் முன்பே காட்டிவிடும். மாதக்கணக்காக முதுகு வலிக்கிறது என்று சொல்லும் இளம்வயதினருக்கு வலிநிவாரணியை மாற்றி மாற்றி எழுதுவதைவிட ஒரு முறை இதை எடுப்பது எவ்வளவோ மேல்.

மூளையைப் பொறுத்தவரை, படத்தை மட்டும் நம்புவதன் ஆபத்தை உலகுக்கே எடுத்துக் காட்டிய ஊர் வேலூர். 1980களில் சி.டி. ஸ்கேன் இந்தியாவில் பரவியபோது, வலிப்பு வந்த பலருடைய மூளையில் ஓரம் ஒளிரும் ஒரு சிறு வட்டம் தெரிந்தது. காசநோய் மிகுந்த நாடு. ஆகவே இது காசநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். மருந்து முடியும்போது வட்டம் மறைந்ததும் கணிப்பு சரி என்ற நம்பிக்கை வேரூன்றியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அந்த வட்டங்களில் சிலவற்றை அறுவை செய்து எடுத்துச் சோதித்தபோது, பலவற்றில் இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். அது தானாகவே மடிந்து மறையக்கூடியது. 1993இல் அவர்கள் குழு வெளியிட்ட அளவுகோல் எளிமையானது: வட்டம் 20 மில்லிமீட்டருக்கு மிகாமல், விளிம்பு சீராக, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்து, தலைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறியோ முற்றிக்கொண்டே போகும் நரம்புக் குறைபாடோ நோயாளிக்கு இல்லையென்றால் அது புழுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். தேவையற்ற காசநோய் மருந்திலிருந்து எத்தனையோ பேரை இது காத்தது. புதிய கருவி எதுவும் இல்லாமல், பழைய படத்தையே திசுவோடு ஒப்பிட்டுப் பார்த்த பொறுமையால் கிடைத்த அறிவு அது.

கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்டை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகத் தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபேஷ் என்ற முறையில், இதயம், நுரையீரல், வயிறு ஆகியவற்றைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, வயிற்றுக்குள் நெறிக்கட்டி வீங்கியிருக்கிறதா, மண்ணீரலில் சிறு சீழ்ப்புள்ளிகள் உண்டா என்று படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். சளியும் வராமல், எக்ஸ்ரேயும் பேசாமல் இருக்கும் நோயாளியிடம் இது பெரிய உதவி.

வீக்கம் செயல்படும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட்-சி.டி. ஸ்கேன் சாதாரண மருத்துவமனைக்கு எட்டாத கருவி. ஆனால் அது எழுப்பிய கேள்விகள் எல்லோருக்கும் உரியவை. 2016இல் வந்த ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வில், அறிகுறியே இல்லாத, உறங்குநிலைத் தொற்று மட்டுமே உள்ளதாகக் கருதப்பட்ட 35 எச்.ஐ.வி. நோயாளிகளைப் படமெடுத்தபோது, 10 பேரின் நுரையீரலில் நோய் விழித்துக்கொண்டிருக்கும் அடையாளம் தெரிந்தது. உறங்குகிறது, விழித்திருக்கிறது என்று இரண்டாகப் பிரித்த பழைய கோடு அவ்வளவு தெளிவானதல்ல. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, ஆறு மாத மருந்தை முடித்து, சளியில் கிருமியற்று, குணமானவர்களாகக் கருதப்பட்ட பெரும்பாலோரின் நுரையீரலில் வீக்கம் இன்னும் கனன்றுகொண்டிருப்பதைக் கண்டது. அவர்களில் மிகச் சிலருக்கே நோய் திரும்பியது. கனலை மட்டும் பார்த்து மருந்தை நீட்டியிருந்தால் அது தவறாகியிருக்கும்.

சிகிச்சையின் போக்கை அளவிடுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்குச் சளி தரும் பதில் வேகமானது. நிழல் மாதங்கள் கழித்தே மெலியும், சில தழும்புகள் சாகும்வரை இருக்கும். மூளையிலும் நெறிக்கட்டிகளிலும் மருந்து சரியாக வேலை செய்யும்போதே கட்டி முதலில் பெரிதாவதும் உண்டு. அதைத் தோல்வி என்று எண்ணி மருந்தை மாற்றுபவர் நோயாளிக்குக் கெடுதல் செய்கிறார். நோயின் கடுமையைக் கணிக்கவும் படம் மட்டும் போதாது. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், உடல் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன் போன்றவற்றை வைத்தே யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் படத்தின் சொல்லுக்குத் தனி எடை உண்டு: தொடக்கத்தில் குழிவு இருந்து, இரண்டு மாதம் கழித்தும் சளி வளர்ப்பில் கிருமி வந்தால், நோய் திரும்பும் ஆபத்து அதிகம். அமெரிக்க வழிகாட்டுதல் அத்தகையவருக்குச் சிகிச்சையை ஒன்பது மாதமாக நீட்டச் சொல்கிறது.

இந்தியாவில் காசநோய் வந்து குணமானவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தழும்புகளும் விரிந்த மூச்சுக்குழல்களும் மிஞ்சுகின்றன. மழைக்காலத்தில் இருமுகிறார்கள், படியேறினால் மூச்சு வாங்குகிறது. மருத்துவமனைக்குப் போனால் புதிய எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அதில் நிழல் இருக்கிறது. பழையதா புதியதா என்று சொல்ல மருத்துவராலும் முடியவில்லை, மென்பொருளாலும் முடியவில்லை. ஒப்பிட ஒரு பழைய படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீரும் ஐயம் இது. ஆகவே மருந்து முடிக்கும் நாளில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, அதன் ஒரு பிரதியை நோயாளியின் கைப்பேசியிலேயே ஏற்றிக் கொடுப்பதையும், அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்ஷயில் அவர் பெயரோடு அதைச் சேர்த்து வைப்பதையும் எல்லா மாவட்டங்களிலும் வழக்கமாக்க வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். அடுத்த முறை அவர் இருமிக்கொண்டு வேறோர் ஊரின் மருத்துவமனைக்குப் போகும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது அந்தப் படத்தைத்தான்.